டூயி பேரில் நடந்த பதினாறு பேர் சண்டை

செய்தி வந்தபோது காலை மணி பத்து இருபது. கட்லர் கேப் பள்ளிச் சமையலறையில் வெர்னா ஸ்டிடம் பச்சை பீன்ஸ் டின்களைத் திறந்துகொண்டிருந்தாள். ஆறு டின் திறந்தாகிவிட்டது. ஏழாவதில் பாதி வட்டம் வெட்டியிருந்தபோது ஏப்ரன் பையில் இருந்த போன் துடித்தது. மல்யுத்தக்காரன் ஆர்வில் போக்ஸ்.

"வெர்னா, டூயி போயிட்டான்."

"எப்போ?"

"ஒம்போது மணி இருக்கும். நர்ஸ் என்னைத்தான் கூப்பிட்டா. பேப்பர்ல என் பேருதான் இருந்துச்சாம்."

"என் பேரு இல்லையா?"

"நீதான் அவனை விவாகரத்து பண்ணினவளாச்சே."

"இருபத்திரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பண்ணினேன். போன செவ்வாக்கெழம அவனுக்கு சூப் கொண்டு போனேன்."

ஆர்வில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. வெர்னா போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு ஏழாவது டின்னைத் திறந்து முடித்தாள். பதினொன்று பத்துக்கு முதல் பந்திப் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்பார்கள். அழுகிற உரிமை யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று அந்த ஊரில் ஒரு கணக்கு இருந்தது. அதில் முன்னாள் மனைவிக்கு இடமில்லை.

வெர்னா யார் என்று ஊரில் கேட்டால் இரண்டு விஷயம் சொல்வார்கள். வாரநாளில் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனிக்கிழமையில் ஆர்மரி மண்டபத்து மல்யுத்தத்துக்கு மணி அடிக்கிறவள். இருபத்து மூன்று வயதில் டிக்கெட் கிழிக்கத்தான் அங்கே போனாள். டூயி அப்போது 'மலைக்கரடி' என்ற பெயரில் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். பகலில் பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்க்கிற மெக்கானிக். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவன் வீட்டில் தூங்கிய இரவுகளை எண்ணிவிடலாம். டென்னஸி முழுக்க எந்தச் சிற்றூரில் நாலு கம்பம் நட்டு மூன்று கயிறு கட்டினாலும் அங்கே போய்விடுவான். ஒரு செவ்வாய்க்கிழமை நீதிமன்றத்தில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்தார்கள். அந்தச் சனிக்கிழமையே அவன் சண்டைக்கு வெர்னா மணி அடித்தாள். பழைய மணிக்காரருக்குக் காது மந்தமாகி, அந்த வேலை அவளுக்கு வந்து அப்போது வருஷக்கணக்காகியிருந்தது. புருஷனை விட்டுவிட்டாள் என்பதற்காக மணியையும் விட வேண்டுமா என்ன? மணி அடிக்கிற சுத்தியலின் கைப்பிடி வழுக்குகிறது என்று அவள் சொன்னபோது கருப்பு டேப் சுற்றிக் கொடுத்தவனும் டூயிதான். விவாகரத்துக்குப் பிறகு.

அந்த மண்டபத்தில் வருஷத்துக்கு இரண்டு தடவை 'பேட்டில் ராயல்' நடக்கும். பதினாறு பேரை ஒரே நேரத்தில் ரிங்கில் ஏற்றிவிடுவார்கள். மேல்கயிற்றைத் தாண்டி வெளியே விழுந்து, இரண்டு காலும் தரையைத் தொட்டுவிட்டால் அந்த ஆள் அவுட். கடைசியில் நிற்கிறவன் ஜெயித்தவன். அத்தனை பேர் கட்டிப் புரள்கிற இடத்தில் நடுவருக்கு ஒன்றும் தெரியாது. அதனால் கட்லர் கேப்பில் ஒரு வழக்கம். தரையில் விழும் கால்களைப் பார்ப்பது மணிக்காரரின் வேலை. இரண்டு காலும் பட்டால் மணியில் ஒரு தட்டு, அட்டையில் ஒரு பெயர். அட்டையில் ஏறாதவன் அவுட் இல்லை. ஏறிவிட்டால் சொர்க்கத்திலிருந்து சிபாரிசு வந்தாலும் உள்ளே போக முடியாது. சமையல் குறிப்பு எழுதும் கோடு போட்ட அட்டைகளைத்தான் வெர்னா பயன்படுத்தினாள். எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தாள்.

யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே பேசி வைப்பதுதான். அது பார்க்க வருகிறவர்களுக்கும் தெரியும். ஆனால் கால் பட்டால் பட்டதுதான் என்பது டூயி வைத்த சட்டம். தொண்ணூற்றாறில் அவனே ஜெயிக்க வேண்டிய பேட்டில் ராயல் ஒன்றில், இன்னும் ஐந்து பேர் பாக்கியிருக்கும்போது கயிற்றில் கை நழுவி, இரண்டு பூட்ஸும் வெர்னாவின் மேசைக்கு முன்னால் தொப்பென்று விழுந்தன. அவள் சுத்தியலைத் தூக்கியபடி அவனைப் பார்த்தாள். நாலு மாதமாகப் பேசி வைத்திருந்த சாம்பியன் பெல்ட் அது.

"என்ன பாக்குற? ஜனங்க பாத்துட்டாங்க. எழுதுடி" என்றான். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். உள்ளே இருந்த நாலு பேரும் முழித்து, ஒருவருக்கொருவர் காதில் முணுமுணுத்து, எப்படியோ புது முடிவு ஒன்றை ஒப்பேற்றினார்கள். அந்த அட்டை இன்னும் டப்பாவில் இருக்கிறது. பன்னிரண்டாவது வரியில் டூயி க்ராப்ட்ரீ.

போன செவ்வாய்க்கிழமை சூப் கொண்டுபோனபோது அவன் இரண்டு வாய்க்கு மேல் குடிக்கவில்லை. மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். ஆனாலும் வாய் ஓயவில்லை.

"நான் போனப்புறம் பேச்சு கீச்சு எதுவும் வேணாம். பதினாறு பேரை ஏத்துங்க. ஆர்வில் கடைசியா நிக்கட்டும். பாவம், பதினோரு வருஷமா எல்லார்கிட்டயும் தோத்துக்கிட்டே இருக்கான். அவன் கையால என் பூட்ஸை மூலைக் கம்பத்துல மாட்டச் சொல்லு. பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல இழுத்தீங்கன்னா எழுந்து வந்துருவேன்."

"செத்தவன் எப்பிடிய்யா எழுந்து வருவ?"

"ரிங்குல நடுவர் ஒம்போது எண்ணின பிறகும் எழுந்திருக்கேன்ல? அந்த மாதிரிதான்."

அவன் கேட்டது அவ்வளவுதான். அதை நடத்திக் கொடுத்துவிட வேண்டும் என்பதைத் தவிர வெர்னாவுக்கும் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. சர்ச்சின் கீழ்த்தளத்தில், சவ அடக்கம் முடிந்து எல்லாரும் உருளைக்கிழங்கு கேசரோலைத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தபோது, ஷோ நடத்துகிற ஜென்ட்ரி ஸ்லோனைப் பிடித்துச் சொன்னாள். ஜென்ட்ரி நாற்பது வயதுக்காரன். கார் விற்கிறவனின் சிரிப்பு. கையில் தட்டோடு கண்கலங்கினான்.

"மிஸ் வெர்னா, அவர் சொன்னா சொன்னதுதான். ஒரு எழுத்து மாறாது."

மூன்று வாரம் கழித்து வந்த சனிக்கிழமை, வெர்னா மதியமே ஆர்மரிக்குப் போய் மணிப் பலகையைத் துடைத்தாள். டூயியின் பூட்ஸுக்குக் கருப்புப் பாலிஷ் போட்டு, புதுக் கயிறு கோர்த்து, ரிங்கின் ஓரத்தில் வைத்தாள். அட்டையில் ஒன்றிலிருந்து பதினாறு வரை எண் எழுதினாள். ஆறு மணிக்கு ஜென்ட்ரி வந்து மேசையோரம் குந்திக்கொண்டான்.

"முடிவுல ஒரு சின்ன மாத்தம், மிஸ் வெர்னா. கோல்ட்டன் ஜெயிக்கிறான்."

கோல்ட்டன் அவன் அக்கா மகன். வயது இருபத்திரண்டு. மல்யுத்தத்துக்கு வந்து ஏழு மாதம். போனில் தன்னைத்தானே படம் எடுத்துப் போடுவதில் மட்டும் கெட்டிக்காரன்.

"ஆர்வில்னு சொன்னியே?"

"ஆர்விலை கடைசியா கோல்ட்டன் தூக்கி எறியறான். பூட்ஸை உதைக்கிறான். ஜனம் கொதிச்சுப் போகும். அடுத்த மாசம் ஆர்விலும் கோல்ட்டனும் தனியா மோதுறாங்க. மண்டபம் நெறைஞ்சிரும். டூயி இருந்தா அவரே கைதட்டுவாரு. வில்லனை வெறுக்க வைக்கிறதுதானே நம்ம தொழிலு?"

அதில் உண்மை இல்லாமலில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. டூயியே எத்தனையோ பேருடைய அம்மாவை மேடையில் வைது, பார்க்கிங்கில் கல்லடி வாங்கியவன். வெர்னா நேரே உடைமாற்றும் அறைக்குப் போனாள். ஐம்பத்தெட்டு வயது ஆர்வில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தான்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஒத்துக்கிட்டியா?"

"அடுத்த மாசம் ஷோவுல கடைசியா வர்ற பெரிய சண்டை எனக்கு, வெர்னா. போஸ்டர்ல என் பேரு பெருசா வரும். பதினோரு வருஷமாச்சு." அவன் முழங்கால் கட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "டூயி புரிஞ்சுக்குவான்."

"டூயிக்கு இனிமே புரிய என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டு அவள் திரும்பினாள். மூலையில் கோல்ட்டன் சட்டையில்லாமல் நின்று, உள்ளங்கை நிறைய பேபி ஆயில் ஊற்றி மார்பிலும் தோளிலும் வழித்துப் பூசிக்கொண்டிருந்தான். இன்னொருவன் போனைப் பிடித்துப் படமெடுத்தான்.

"தம்பி, பேட்டில் ராயலுக்கு எண்ணெய் பூசக் கூடாது. பதினஞ்சு பேரு உன்னைப் பிடிச்சாகணும்."

"கேமராவுல மினுமினுக்கணும், மிஸ் வெர்னா. காஞ்சு போய் நின்னா ஒருத்தனும் பாக்க மாட்டான்."

"கையையாவது துடை."

"சரி மேம்" என்றான். துடைக்கவில்லை. பழைய நாளில் திரைக்குப் பக்கத்தில் டூயி துண்டோடும் பவுடர் டப்பாவோடும் நிற்பான். ஒவ்வொருவன் கையையும் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவான். அன்று அந்த இடத்தில் கோக் பெட்டி ஒன்று கிடந்தது.

பார்க்க வந்தவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர். டூயி முகம் போட்ட பழைய பனியனோடு முன்வரிசையில் இருபது பேராவது இருந்தார்கள். வெர்னா மணியை அடித்தாள். அதற்குப் பிறகு நடந்ததை அவள் எத்தனையோ தடவை மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் அது இன்னும் கேவலமாகத்தான் தெரிகிறது.

நல்ல பேட்டில் ராயலில் முதல் ஒரு நிமிஷத்தில் இரண்டு பேராவது வெளியே பறக்க வேண்டும். அப்போதுதான் எவனும் தப்ப முடியாது என்கிற பயம் ஜனத்துக்கு வரும். இங்கே முதல் ஆறு நிமிஷம் ஒருவனும் விழவில்லை. பதினாறு பேரும் ஜோடி ஜோடியாகக் கயிற்றோரம் சாய்ந்து, ஒருவன் காலை ஒருவன் தூக்குவது போலப் பிடித்துக்கொண்டு, பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி நின்றார்கள். ஒருவன் கொட்டாவியை அடக்கியதை அவள் பார்த்தாள். அதற்குள் கோல்ட்டன் மேலிருந்த எண்ணெய் ஒவ்வொருவனிடமும் ஒட்டிவிட்டது. பிடித்த இடமெல்லாம் வழுக்கியது. தூக்கப் போனவன் கையிலிருந்து தூக்கப்பட்டவன் சோப்புக்கட்டி மாதிரி நழுவினான். ஒருவன் மேல்கயிற்றைத் தாண்டாமல் நடுக்கயிறு வழியாகவே உருண்டு வெளியே வந்து, பின்னால் ஒருவரும் தள்ளாதபோதே கையை விரித்து மல்லாந்து விழுந்தான். இன்னொருவன் தன் முறை வந்துவிட்டது என்று தப்பாக நினைத்துத் தானாகவே ஏறிக் குதித்தான். அவனைத் தூக்கி எறிய வேண்டியவன் ரிங்கின் அந்தப் பக்கத்தில் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான்.

"ஏய், பஸ் போயிருச்சா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் கத்தினார். மண்டபம் சிரித்தது. செத்துப்போன ஒருவனின் பூட்ஸை ஓரமாக வைத்துக்கொண்டு நடத்துகிற காரியத்தில் இப்படியொரு சிரிப்பு.

வில்லனை ஜனம் திட்டுவதும், ஜனத்துக்கே அலுத்துப்போவதும் ஒன்றல்ல. திட்டுகிறவன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருப்பான். அலுத்தவன் கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொள்வான். பதினெட்டாவது நிமிஷத்தில் வெர்னா திரும்பிப் பார்த்தபோது பாதிப் பேர் மடியில் கோட்டு இருந்தது. ஜென்ட்ரியால் இதைப் பார்த்துப் புரிந்துகொள்ள முடியவில்லை. அவன் போன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பதிமூன்று பேர் வெளியேறிவிட்டார்கள். அட்டையில் பதிமூன்று பெயர். உள்ளே ஆர்வில், கோல்ட்டன், கல்லுடைக்கிற கம்பெனியில் லாரி ஓட்டும் டர்லி என்ற குண்டன். டர்லிக்கு இதெல்லாம் விளையாட்டு. யார் என்ன சொன்னாலும் செய்வான். கோல்ட்டன் இங்கே ஒரு வித்தை காட்டுவதாகப் பேச்சு. மேல்கயிற்றைத் தாண்டி வெளியே வீசப்பட்டு, கயிற்றைப் பிடித்தபடி அந்தரத்தில் தொங்கி, கால் தரையில் படாமல் மேலே சுழன்று ஏற வேண்டும். டர்லி தூக்கி வீசினான். கோல்ட்டன் கயிற்றைப் பிடித்தான்.

கை வழுக்கியது.

வெர்னாவின் மேசைக்கு முன்னால், நாலடி தூரத்தில், இரண்டு வெள்ளை பூட்ஸும் தரையில் விழுந்தன. சத்தம் மேசை வரை அதிர்ந்தது. தொண்ணூற்றாறில் டூயி விழுந்த அதே இடம்.

"அவுட்! ரெண்டு காலும் பட்டுருச்சு!" முன்வரிசை முழுக்க எழுந்து நின்றது. அன்று மாலை முதல் தடவையாக ஜனத்துக்கு உயிர் வந்தது. "அவுட்டு! அவுட்டு! மணியை அடி வெர்னா!"

நடுவர் அவளைப் பார்த்தார். ரிங்குக்குள்ளிருந்து ஆர்வில் பார்த்தான். கோல்ட்டன் தரையில் நின்றபடி, தப்பு செய்த பள்ளிப்பிள்ளை மாதிரி அவளைப் பார்த்தான். ஒரு தட்டு. அவ்வளவுதான் வேண்டியது. அடித்துவிட்டால் உள்ளே ஆர்விலும் டர்லியும் மட்டும் மிச்சம். டர்லி ஆர்விலிடம் தோற்றுப் போவான். ஆர்வில் பூட்ஸை எடுத்து மூலையில் மாட்டுவான். டூயி கேட்டது கேட்டபடி நடந்திருக்கும். அது பொய்கூட இல்லை. கால் உண்மையாகவே பட்டது.

சுத்தியல் அவள் கையில்தான் இருந்தது. கை எழவில்லை. அன்று 'எழுதுடி' என்று சொல்ல ஓர் ஆள் இருந்தான். மற்றபடி, பேசி வைத்த முடிவைக் கெடுக்கக் கூடாது என்றுதான் முப்பது வருஷமாக அந்தக் கை பழகியிருந்தது. ஜென்ட்ரி மூலையிலிருந்து தலையை இடமும் வலமும் ஆட்டினான். அவள் சுத்தியலை மேசையில் படுக்க வைத்தாள்.

கோல்ட்டன் கீழ்க்கயிறு வழியாக ஊர்ந்து உள்ளே போனான். 'ச்சீ' என்று ஒரு பெண் சொன்னது தெளிவாகக் கேட்டது. அது வில்லனைத் திட்டும் சத்தம் இல்லை. காலில் மிதித்த எதையோ பார்த்துச் சொல்கிற சத்தம். நாற்காலிகள் இழுபட்டன. டர்லி தானாகவே வெளியே போய் விழுந்தான். வெர்னா அதன் பிறகு மணி அடிக்கவுமில்லை, அட்டையில் எழுதவுமில்லை. பிறகு கோல்ட்டன் ஆர்விலைத் தூக்க இரண்டு தடவை முயன்றான். இரண்டு தடவையும் வழுக்கியது. கடைசியில் ஆர்வில், முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலாக மேல்கயிற்றைத் தாண்டி, பேருந்திலிருந்து இறங்குகிற வயசாளி மாதிரித் தானே இறங்கினான். கோல்ட்டன் டூயியின் பூட்ஸை உதைத்தான். ஒன்று வெர்னாவின் மேசைக்கு அடியில் வந்து விழுந்தது. அதைப் பார்த்துக் கொதிக்க மண்டபத்தில் முப்பது பேர்கூட மிச்சமில்லை. அவர்களும் கொதிக்கவில்லை. சாவிக்கொத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மொத்தம் இருபத்தாறு நிமிஷம். டூயி சொன்னது பதினைந்து.

"நாப்பதாயிரம் பேரு பாத்துட்டாங்க, மிஸ் வெர்னா!" என்று ஜென்ட்ரி திங்கட்கிழமை போன் செய்தான். கோல்ட்டன் நழுவி விழுந்த அந்த ஒரு துண்டுப் படம்தான் இணையத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மேலே சிரிக்கிற பொம்மை முகங்களை ஒட்டியிருந்தார்களாம். "கெட்ட பேருன்னாலும் பேருதானே?"

"எதைப் பாத்தாங்க? அவன் விழுந்ததையா, நான் அடிக்காம இருந்ததையா?"

"ரெண்டையும்தான்" என்று சிரித்தான். அவள் போனை வைத்துவிட்டுச் சமையலறைத் தொட்டியில் கையைக் கழுவினாள். சோப்புப் போட்டு இரண்டு தடவை. அட்டையிலும் சுத்தியலிலும் எப்படியோ எண்ணெய் ஏறியிருந்தது. இரண்டு நாளாகியும் அந்தக் கைக்குழந்தை வாசனை விரலை விட்டுப் போகவில்லை. அதை முகரும்போதெல்லாம் குமட்டியது.

புதன்கிழமை ஆர்வில் பள்ளியின் பின்வாசலுக்கே வந்துவிட்டான். கையில் டூயியின் இன்னொரு பூட்ஸ்.

"இது ரிங்குக்கு அடியில கெடந்துச்சு. சோடியா இருக்கட்டும்னு கொண்டாந்தேன்." பூட்ஸில் இருந்த தூசியைத் தட்டினான். "நீ அடிப்பேன்னு நெனச்சேன், வெர்னா. உன்னையேதான் பாத்துக்கிட்டு நின்னேன்."

"நீயும் பேசாமத்தானே நின்ன? 'அவன் அவுட்டு'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"அடுத்த மாச போஸ்டர்..."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"உனக்குக் கோவமா?"

"உன் மேலயா? உன் மேல கோவப்பட நான் யாரு? நான் மட்டும் என்ன பண்ணிக் கிழிச்சேன்? அருவருப்பா இருக்கு ஆர்வில். உன்னை, என்னை, அந்த எண்ணெய்ப் பயலை, எல்லாத்தையும் நெனச்சா."

"அப்போ அடுத்த மாசம் மணிக்கு வர மாட்டியா?"

"மணி ஆர்மரியிலதான் இருக்கு. யாரு வேணா அடிக்கட்டும். சுத்தியலை மட்டும் நான் கொண்டாந்துட்டேன். அதுல டேப் சுத்தினது அவன்."

ஆர்வில் தலையாட்டினான். பூட்ஸை வாசற்படியில் வைத்துவிட்டு நொண்டிக்கொண்டே தன் வண்டிக்குப் போனான். வெர்னா அதை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். அன்றைக்குச் சோளம். ஒன்பது டின்.

பூட்ஸ் இரண்டும் இப்போது அவள் வீட்டுப் பின்கதவோரம் இருக்கின்றன. பாலிஷ் மேல் கோல்ட்டன் உதைத்த தடம் ஒன்றில் வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. பிஸ்கட் டப்பாவில் அட்டைகள் வருஷவாரியாக அடுக்கியபடி இருக்கின்றன. மேலாக இருப்பது கடைசி அட்டை. அவள் அதை மூன்று தடவை வெளியே எடுத்து, பென்சில் கூராக்கி, திரும்ப வைத்துவிட்டாள். அதில் பதிமூன்று பெயர் எழுதியிருக்கிறது. பதினான்காவது வரியில் எண் மட்டும் இருக்கிறது.